சதுப்பு ரோட்டில் இழுத்த வண்டி

கார்ச் சக்கரங்களை நேர்படுத்துகிற அலைன்மென்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெஷினைக் குறை சொல்ல நான் வரவில்லை. நூல் கட்டிச் சக்கரத்தை அளந்த நாளிலிருந்து கேமரா வைத்து அளக்கிற நாள் வரைக்கும் தாம்பரத்தில் ஒரே ஷெட்டில் நின்றவன் நான். 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பித்தால் நீங்கள் செல்போனை எடுத்துவிடுவீர்கள் என்பதும் தெரியும். மெஷின் நல்ல மெஷின்தான். திரையில் எல்லாக் கட்டமும் பச்சையானதும் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறீர்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். நானும் அப்படித் துடைத்துக்கொண்டவன்தான்.

நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்: "வண்டி இழுக்குது." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீர் வடியட்டும் என்று நம் ரோடுகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே எந்த வண்டியும் லேசாக இடது பக்கம் சாயத்தான் செய்யும். அதற்கு மேலும் இழுத்தால் டயர், பிரேக், சக்கரத்தின் கோணம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே இழுத்தால் ஆளைப் பார்க்க வேண்டும். குரோம்பேட்டைக்காரர் ஒருவர், மாமியார் வீட்டுத் தெரு வந்தாலே வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். ஷெட்டே அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தது.

அதனால்தான் சபீனா வந்து அதே மாதிரி ஒன்றைச் சொன்னபோதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாம்பல் நிறச் சின்னக் கார். இருபத்தைந்தைத் தாண்டிய பெண், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு லேபில் வேலை, வீடு அனகாபுத்தூர். தலையில் போட்டிருந்த முக்காடு நனைந்திருந்தது.

"அண்ணா, லெஃப்ட்ல இழுக்குது. ஆனா எல்லா எடத்துலயும் இல்ல. ஒரே எடத்துல மட்டும்தான்."

"எந்த எடத்துலம்மா?"

"ரேடியல் ரோடுல, பள்ளிக்கரணை சதுப்புகிட்ட. சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றப்போதான். காலைல போறப்போ ஒண்ணும் ஆகறதில்ல."

"ஏம்மா, கொக்கு பாக்கணும்னு வண்டிக்கு ஆசை வந்துடுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே வேறு கடைகளில் காட்டிவிட்டதாகவும், எல்லோரும் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். நானும் வண்டியை மேடையில் ஏற்றினேன். எல்லாம் பச்சை. டயர் தேய்மானம் ஒரே சீர். ஷெட்டிலிருந்து வலது பக்கம் திரும்பி இறங்கினால் ரயில் பாதையை ஒட்டி நேர் ரோடு, நான் எப்போதும் ஓட்டிப் பார்க்கிற ரோடு. அதில் கையை விட்டு ஓட்டினேன். நூல் பிடித்த மாதிரி போனது. கடைசியில் யூ டர்ன் போட்டுத் திரும்பி வரும்போதும் நேராகத்தான் வந்தது. "ஒண்ணும் இல்லம்மா, மனச போட்டு அலட்டிக்காத" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள். முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது.

இந்தத் தடவை வண்டியை மேடையில் ஏற்றி, முன் சக்கரங்களை அடியில் உள்ள சுழல் தட்டுகள் மேல் நிறுத்தி, ஸ்டியரிங்கை நடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டியரிங் நடுவில் இல்லை. ஒரு கை அகலம் இடது பக்கம் திரும்பியிருந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை. எங்கள் டயர்க்காரன் சேகர் மட்டும் கொஞ்சம் தள்ளி, கையில் லிவரோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"டேய், ஸ்டியரிங்க தொட்டியா?"

"சத்தியமா இல்லண்ணா. நான் பாத்துகினே இருந்தேன். அதுவா திரும்பிச்சி. மெதுவா."

"காலைலியே ஊத்திக்கினியா?"

"இன்னாண்ணா நீ! வா, இத்த பாரு." ஓட்டுநர் சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துக் காட்டினான். நாம் தினமும் இழுத்து மாட்டுகிற அளவுக்கு அப்பால், சுருண்டு உள்ளேயே கிடக்கிற பகுதியில், கறுப்பாகச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "தண்ணில கெடந்த வண்டிண்ணா இது."

"வெள்ளத்துல பாதி மெட்ராசு வண்டி தண்ணில கெடந்துச்சு. அதுக்கு இன்னா?"

"வெள்ளத் தண்ணி இல்லண்ணா. மோந்து பாரு. சதுப்புச் சேறு. சின்ன வயசுல அங்க மீன் புடிச்சவன் நானு, எனுக்குத் தெரியாதா? நான் இந்த வண்டில ஏற மாட்டேன். நீயே பாத்துக்கோ."

மோந்து பார்த்தேன். அழுகிய கோரைப்புல் வாசனை. ஷெட்டின் வாசலில் சபீனா நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது.

"அது எங்க அத்தா வண்டிண்ணா," என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காராமல் நின்றபடியே சொன்னாள். அவளுடைய அப்பா ஓ.எம்.ஆரில் உள்ள காரப்பாக்கத்தில் தோல் பை கடை வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் இதே காரில் இதே வழியாக வீடு திரும்புவார். கூடப் பிறந்த தம்பி இறந்த பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாராம். அப்போது சபீனா பெங்களூரில் விடுதியில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம், சதுப்பு ஓரத்தில் வேலி அறுந்திருந்த இடத்தில், வண்டி இடது பக்கம் இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. ரோட்டில் பிரேக் போட்ட தடம் எதுவும் இல்லை. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த கூட்டத்திலேயே ஒருவர் காதை ஒருவர் கடித்திருக்கிறார்கள்: சாவைத் தானாகத் தேடிப் போய்விட்டார் என்று.

"எங்கள்ல அது எவ்ளோ பெரிய பாவம்னு உங்களுக்குத் தெரியும்லண்ணா," என்றாள். "அம்மா அதுக்கப்பறம் யாரு வூட்டு விசேஷத்துக்கும் போறதில்ல. வண்டிய வித்துடுன்னு ஒரே சண்ட. நான்தான் ரிப்பேர் பண்ணி ஓட்டறேன்."

எதற்காக இப்படிப்பட்ட வண்டியை இவள் ஓட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. நேர் ரோட்டில் ஓட்டினேன், நேராகப் போனது. "சனிக்கிழமை உன் லேப் வாசல்ல வந்து நிக்கறேன். நீ எப்பவும் எப்டி ஓட்டுவியோ அப்டியே ஓட்டு. நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கறேன்," என்றேன். கஸ்டமர் சொல்லும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதுவரைக்கும் எல்லா வண்டியையும் எனக்கு வசதியான ரோட்டில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் அவளோடு ஏறிக்கொண்டேன். நன்றாக ஓட்டினாள். கியர் மாற்றுவதில் அவசரம் இல்லை, ஆட்டோக்காரன் குறுக்கே வந்தாலும் பதற்றம் இல்லை. ஓ.எம்.ஆரில் வடக்கே வந்து, துரைப்பாக்கத்தில் நீளமான இடது வளைவில் திரும்பி, ரேடியல் ரோட்டில் ஏறினோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் கட்டடங்கள் முடிந்து, இரண்டு பக்கமும் தண்ணீரும் கோரையும் வந்தன. குப்பை மேட்டுப் பக்கமிருந்து புகை தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. சபீனா கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள்.

"இப்ப பாருங்கண்ணா," என்றாள்.

இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நொடி வண்டி நேராகப் போனது. பிறகு ஸ்டியரிங் திரும்ப ஆரம்பித்தது. குலுக்கலோ வெட்டலோ இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கையை நீட்டி மெதுவாகத் திருப்பினால் எப்படித் திரும்புமோ, அப்படி. வெள்ளைக் கோட்டைத் தாண்டினோம். சக்கரத்துக்கு அடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம் கேட்டது. எனக்கு இந்தப் பக்கம் ஜன்னலில் கோரைப்புல், அதற்குக் கீழே தண்ணீர். அவள் கை மடியை விட்டு எழவில்லை. முகத்தில் பயமும் இல்லை. தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கைக் கேட்கிற மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான்தான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். என் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்ததென்று இங்கே சொல்ல முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்த வைத்தேன்.

"பைத்தியமாம்மா உனக்கு?"

"நீங்க சீக்கிரம் புடிச்சிட்டீங்க," என்றாள். "நான் இன்னும் கொஞ்ச தூரம் வுடுவேன்."

"தினமுமா?"

"தினமும். மொதல்ல கோடு வரைக்கும் வுட்டேன். அப்பறம் ஜல்லி வரைக்கும். வண்டி தானா போகுதுன்னா அத்தா திருப்பலன்னு தானேண்ணா அர்த்தம்? எங்க போய் நிக்குதுன்னு முழுசா பாத்துட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

தம்பிகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பயம் சாமானியமானதல்ல. பிசாசு என்று நினைத்துப் பயந்தேனா, அந்தப் பெண்ணை நினைத்துப் பயந்தேனா, இன்றைக்குக் கேட்டாலும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இந்தப் பெண் ஒரு நாள் முழுசாகப் பார்த்துவிடுவாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. இழுப்பைக் கண்டுபிடிக்காமல் நான் இறங்கி வீட்டுக்குப் போனால், திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ இந்தத் தண்ணீரில்தான் அவளைத் தேட வேண்டியிருக்கும்.

"தள்ளி ஒக்காரு. நான் ஓட்டறேன்," என்றேன்.

மேற்கே கொஞ்சம் போய் யூ டர்ன் போட்டுத் துரைப்பாக்கம் வரை வந்தேன். அங்கே மறுபடி யூ டர்ன் போட்டு அதே இடத்துக்கு வந்து கையை விட்டேன். ஸ்டியரிங்கின் மேலே விரல் படாமல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டேன். அதே இடம், அதே மங்கல் வெளிச்சம், அதே புகை. வண்டி நேராகப் போனது. சபீனாவின் முகம் செத்துவிட்டது. "எனக்கு மட்டும்தான் இழுக்குதா?" என்று கேட்டாள்.

"இரு. இன்னொரு தடவ," என்றேன். இந்தத் தடவை ஓ.எம்.ஆரில் தெற்கே போய், அவள் தினமும் வருகிற மாதிரியே வடக்கே வந்து, அந்த இடது வளைவில் திரும்பி, வந்து கையை விட்டேன். வண்டி தண்ணீரைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. நான் தயாராக இருந்தும், பிடித்துத் திருப்பும்போது கை வழுக்கியது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இழுத்தது அந்த இடம் இல்லை. அந்த இடத்துக்கு முன்னால் இருக்கிற வளைவு. இந்த வண்டி கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கத்தை மறக்கவில்லை. இடது பக்கம் திரும்பிவிட்டு வந்தால் அந்த இழுப்பும் ரோட்டின் சரிவும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. யூ டர்ன் என்பது வலது பக்கத் திருப்பம். அதில் வந்தால் வலப்பக்க இழுப்பை ரோட்டின் சரிவு தின்றுவிடுகிறது, வண்டி நேராகப் போகிறது. தாம்பரத்தில் நான் வலது பக்கம் திரும்பி ஓட்டிப் பார்த்தபோது நடந்ததும் இதுதான். ஷெட்டில் ஸ்டியரிங் தானாகத் திரும்பியதும் இதனால்தான். எங்கேயோ ஏதோ ஒன்று இறுகிப்போய், முறுக்கைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எது என்று தெரியவில்லை. முன்பக்கத்தில் அப்படி இறுகக்கூடிய சாமான்கள் நிறைய உண்டு.

விஷயம் புரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அந்த ரோட்டை விட்டு வெளியே வருகிற வரைக்கும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

அனகாபுத்தூரில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள். சந்தின் வாய் குறுகல், ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால்தான் கார் உள்ளே நுழையும். ஒடித்தேன். முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது, தாழ்ப்பாள் விழுந்த மாதிரி. அடுத்த நொடி வீட்டுக்குள் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மாண்ணா," என்றாள் சபீனா. "வண்டி வந்தாலே ரூம்குள்ள போய்க் கதவ சாத்திக்குவாங்க. புடிக்காது அவங்களுக்கு."

"அத்த வுடு. இந்தச் சத்தத்த ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"இது சந்துல திரும்பறப்போ மட்டும் வர்ற சத்தம்ண்ணா. நான் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து வருது. ரிப்பேர்ல ஏதோ ஆயிருக்கும்னு வுட்டுட்டேன். இழுக்கறதுக்கும் இதுக்கும் இன்னா?"

ரொம்ப சம்பந்தம் இருந்தது. பானட்டைத் திறந்தேன். முன் சக்கரத்து ஸ்பிரிங்குக்கு மேலே, அந்த ஸ்பிரிங் முழுதும் சுலபமாகத் திரும்பட்டும் என்று ஒரு வட்டமான பேரிங் உட்கார்ந்திருக்கும். அது இறுகிவிட்டால் ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கிக்கொள்ளும். ரொம்ப முறுக்கினால் ஒரே தாவாகத் தாவி விடுபடும். அப்போதுதான் அந்தச் சத்தம் வரும். எங்கள் ஷெட்டில் ஓடுகிற கம்ப்ரஸர் இரைச்சலில் அது காதில் விழாது. சபீனாவை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, இடது பக்கம் ஒடி, வலது பக்கம் ஒடி என்று சொல்லிக்கொண்டே இடது ஸ்பிரிங்கின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். டொக். கைக்குள் துள்ளியது. இன்னொரு தடவை. டொக். சந்தேகமே இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் ஒடிக்கச் சொன்னேன்.

வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சபீனாவின் அம்மா வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

"போதும் சபீனா. நிறுத்து," என்றார். "எத்தன தடவதாம்மா வருவாரு?"

சந்தில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், அதன் விசில் மட்டும் கேட்டது. சபீனாவின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. என் கை ஸ்பிரிங்கின் மேலேயே இருந்தது. அந்த அம்மா சொன்னது எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஸ்பிரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

"அம்மா, இந்தச் சத்தம் உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அவரு இருக்கறப்பலேர்ந்து."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கம்மா. வண்டி தண்ணில விழறதுக்கு முன்னாடியா, ரிப்பேர் ஆயி வந்த பெறகா?"

"எனக்கு இன்னா ஞாபகப்படுத்தறது? அவரோட கடசி நோன்பு மாசத்துலேயே அந்தச் சத்தம் உண்டு. தெனமும் நோன்பு தொறக்கற நேரத்துக்குத்தான் வருவாரு. சந்துல டொக்குனு கேக்கும். கேட்டதும் கிண்ணத்துல கஞ்சிய ஊத்துவேன். அவரு செருப்பக் கழட்டிட்டு உள்ள வர்றதுக்கும் கஞ்சி ஆறறதுக்கும் சரியா இருக்கும். அவரு போனதுக்கப்பறம் இவ வண்டிய எடுத்துகினு வந்த மொத நாளு, அதே சத்தம் கேட்டுது. நான் கிண்ணத்த எடுத்துட்டேன். எடுத்து, கையில வெச்சிகினு நிக்கறேன். அதுலேர்ந்து அந்தச் சத்தம் கேட்டா உள்ள போய்க் கதவ சாத்திக்குவேன்."

சபீனா காரிலிருந்து இறங்கி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் ஒரே சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு அது அத்தா ஓட்டிய காலத்திலேயே வந்த சத்தம் என்று தெரியாது. இன்னொருத்திக்கு அது காரின் கோளாறு என்றே தெரியாது.

நான் எளிமையாக விளக்கினேன். இந்தச் சத்தம் வருகிற பேரிங்தான் வண்டியை இழுக்கிறது. அவர் ஓட்டும்போதே அது இறுகியிருந்தது. அந்த வளைவில் திரும்பி வந்தால் வண்டி இடது பக்கம் போகும். இன்றைக்கு என் கையிலேயே போனது. அந்த அம்மா படியில் மகளுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவரு திருப்பலயா?"

தம்பிகளே, நம் வேலையில் கஷ்டமான இடம் இதுதான், நட்டு போல்ட்டில் இல்லை. அவர் திருப்பவே இல்லை என்று மேலே கையைக் காட்டிச் சத்தியம் செய்திருக்கலாம். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தபோது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த வண்டிக்குள் நான் இல்லை, அவர் மனசுக்குள்ளும் இல்லை. அதற்காக 'நமக்கென்ன தெரியும், எல்லாம் மேலே இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சம்' என்று நழுவவும் கூடாது. நம்மில் பலர் பயந்துகொண்டு அப்படித்தான் நழுவுகிறோம். எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு, என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அதை ஒரு குண்டூசி கூடாமல், ஒரு குண்டூசி குறையாமல் சொல்ல வேண்டும்.

"திருப்ப வேண்டிய அவசியமே இல்லம்மா," என்றேன். "யோசனையில கைய லேசா தளர்த்தியிருந்தாலே போதும். வண்டி தானா போயிருக்கும். பிரேக்கு போட நேரம் இருந்திருக்காது."

அந்த அம்மா முக்காட்டின் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். சபீனா அழவில்லை. என்னைப் பார்த்து, "இனிமே கைய எடுக்க மாட்டேண்ணா," என்றாள். நான் கேட்காமலேயே வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் சந்தின் வாய் வரை வண்டியை ரிவர்ஸிலேயே எடுத்து வந்து, கடைசி வரை ஒருமுறை ஒடித்து, ரோட்டில் மெதுவாக ஓட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டே வந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

புது பேரிங் திங்கட்கிழமைதான் கிடைத்தது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி இடது சக்கரத்தைக் கழற்றப் போகும் நேரம், ஷெட் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சபீனாவும் அவள் அம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து, பானட்டின் மேல் ஒரு விரலை வைத்து எடுத்தார்.

"கழட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. இப்பத்தான்."

"மாத்திட்டா அந்தச் சத்தம் வராதில்ல?"

"வராதும்மா."

தலையை ஆட்டினார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்றார். "ஒரு தடவ."

அவர் எதைக் கேட்கிறார் என்று நான் புரிந்துகொள்வதற்குள் சேகருக்குப் புரிந்துவிட்டது. அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொன்ன அதே சேகர், யாரும் சொல்லாமல் போய்க் கம்ப்ரஸரை நிறுத்தினான். ஜாக்கியை இறக்கினான். ஷெட்டே அமைதியாகிவிட்டது. ரயில் பாதைப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போய் முடிகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். நான் ஓட்டுநர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, சபீனாவின் அத்தா தினமும் அந்தச் சந்தில் ஒடித்த மாதிரி மெதுவாகக் கடைசி வரை ஒடித்தேன்.

டொக்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"வந்துட்டீங்களா," என்றார், எங்களிடம் இல்லை.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப கழட்டுங்கண்ணா."

சேகர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். கழற்றினேன்.